வாளை மீனும் ஒரு முழக் கணக்கும்

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் கடற்கரைகளில் வெள்ளி நாடா போல மின்னும் வாளை மீனை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். குழம்பிலும் கருவாட்டிலும் அறிந்த அந்த மீனைப் பாடமாகக் காண்போம்.

பெயர்: 1758-ல் லின்னேயஸ் இந்தப் பேரினத்துக்கு ட்ரைகியூரஸ் என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் 'மயிர்வால்' என்று பொருள். இதன் நெருங்கிய உறவான சாவாளைக்கு 1829-ல் கூவியே வைத்த இனப்பெயர் 'சவாலா'. நம்ம கடற்கரைப் பேச்சு அறிவியல் ஏட்டில் ஏறியிருக்கிறது!

உடல்: செதில் கிடையாது. வால் துடுப்பும் இல்லை; உடல் நூல்போல மெலிந்து முடியும். தலை முதல் வால்வரை ஓடும் முதுகுத் துடுப்பை அலையலையாக அசைத்து நீந்தும். இரண்டு மீட்டருக்கு மேலும் வளரும்.

குணம்: மீன், இறால், கணவாய் எல்லாம் இதற்கு இரை. தன் இனத்துக் குஞ்சையும் விடாது. "மக்களே, வாளைக்க வாயில கைய வச்சிராத, செத்தாலும் பல்லு கிழிக்கும்" என்பார் அப்பா. அவர் கடல் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான்.

அளவு: 2015-ல் கேரள அரசு 14 வகை மீன்களுக்குப் பிடிக்கக்கூடிய குறைந்தபட்ச நீளத்தை நிர்ணயித்தது. வாளைக்கு 46 செ.மீ. ஒரு முழம் 18 அங்குலம். 18 × 25.4 = 457.2 மி.மீ. அதாவது ஏறக்குறைய 46 செ.மீ.! டேப் வேண்டாம், அப்பாவின் முழங்கையே போதும். ஒரு முழம் இல்லாத வாளை, முட்டையிடும் பருவத்துக்கே வராத குஞ்சு.

ஆனால் கரையில் அளந்து என்ன பயன்? வலையேறிய குஞ்சு செத்துப்போகும். இயந்திரவியல் பட்டறையில் 'கோ, நோ-கோ' கேஜ் பயன்படுத்துகிறோம் அல்லவா? அளவுக்கு உட்பட்டது நுழையும், மிஞ்சியது நிற்கும். இழுவலையின் கண்ணும் அப்படியொரு கேஜ்தான். கண் பெரிதாக இருந்தால் குஞ்சு நழுவிப் போகும்; சிறிதாக இருந்தால் எல்லாம் மாட்டும். குஞ்சு மீன் மாவு ஆலைக்குத்தான் போகும். அதே குஞ்சு ஒரு மீட்டர் வளர்ந்தால் ஏற்றுமதிக்கே போகும். சீனாவில் வாளைக்கு நல்ல கிராக்கி.

முழம் அப்பாவுக்குத் தெரியும், மில்லிமீட்டர் நமக்குத் தெரியும். வலைக்கண்ணைச் சரியாக அளந்து முடைய இரண்டும் சேர வேண்டும். கடற்கரைப் பிள்ளைகள் நாம் படித்த படிப்பு கரைக்கும் திரும்பட்டும்!