தேடுவோர் சொல்

நுழையும்முன்

நூலகத்தில் இடம் மாறி வைக்கப்பட்ட நூல் இருந்தும் இல்லாததே. இணையத்தில் உள்ள பக்கங்கள் பலவற்றின் நிலையும் அதுதான். இணையதளம் ஒன்றை உருவாக்குவது ஒரு பணி. தேடுவோர் கண்ணில் அதனைப் படச்செய்வது மற்றொரு பணி. இவ்விரண்டாம் பணியைத் தேடுபொறி உகப்பாக்கம் என்பர். எஸ்.இ.ஓ. என்னும் சுருக்கப்பெயரே வழக்கில் மிகுதி. அப்பணியின் இயல்பை ஒரு பொம்மைக் கடையின் வழியாக இப்பாடத்தில் காண்போம்.

சாலையும் கடையும்

பெங்களூருவிலிருந்து மைசூருக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் சன்னப்பட்டணம் உள்ளது. மரப்பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். வெட்பாலை மரத்துண்டைக் கடைசல் இயந்திரத்தில் பொருத்திச் சுழலவிட்டு, உளியால் உருவம் தந்து, வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவர். உராய்வின் வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தில் படியும். பின்னர்த் தாழை ஓலையால் தேய்த்தால் பொம்மை பளபளக்கும். புவிசார் குறியீடு பெற்ற இப்பொம்மைகளைப் பயணியர் வண்டியை நிறுத்தி வாங்கிச் செல்வது நெடுநாள் வழக்கம்.

2023 மார்ச்சு மாதத்தில் திறந்துவைக்கப்பட்ட விரைவுச்சாலை, சன்னப்பட்டணத்திற்குள் நுழையாமல் புறவழியாகச் செல்கிறது. பயண நேரம் குறைந்தது. பழைய சாலையில் வண்டிகளும் குறைந்தன. இந்நிலையில், கைவினைஞர் ஒருவர் தம் பொம்மைகளை விற்க இணையதளம் ஒன்றைத் தொடங்குகிறார் என்று கொள்வோம். அழகிய படங்கள் உள்ளன, விலை உள்ளது, தொலைபேசி எண் உள்ளது. ஆயினும் வாங்குவோர் வரவில்லை. கடையின் பெயரைத் தட்டச்சு செய்தால் தளம் வருகிறது. ஆனால், அப்பெயரை அறிந்தவர்கள் முன்பே கடைக்கு வந்தவர்கள் அல்லரோ? புதியவர்களுக்கு அப்பெயர் எங்ஙனம் தெரியும்?

பொறி படிக்கும் முறை

தேடுபொறியின் வேலையை மூன்று படிகளாகப் பிரித்தறியலாம். முதலில் ஒரு நிரல், இணைப்புகளைப் பற்றிக்கொண்டு ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்திற்குச் செல்கிறது. இழைவழி ஊர்வதால் அதனைச் சிலந்தி என்பதும் உண்டு. அடுத்து, படித்த பக்கங்களிலுள்ள சொற்களைக் கொண்டு மாபெரும் சொல்லடைவு ஒன்று உருவாக்கப்படுகிறது. நூலின் இறுதியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று காட்டும் அடைவைப் போன்றதே இது. மூன்றாவது, வினா வந்தவுடன் பொருத்தமான பக்கங்களை வரிசைப்படுத்துதல்.

முதலிரண்டு படிகளுக்கு 1990களின் நடுப்பகுதியிலேயே வழி கண்டிருந்தனர். 1995இல் வந்த ஆல்டாவிஸ்டா அதற்குச் சான்று. வரிசைப்படுத்துவதில்தான் சிக்கல் இருந்தது. ஒரு சொல்லை நூறு முறை எழுதிய பக்கம், அச்சொல்லைப் பற்றி நன்கு அறிந்த பக்கத்தைவிட மேலே வந்துவிடும். ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களான லாரி பேஜ், செர்ஜி பிரின் ஆகியோர் இதற்கு ஒரு விடை கண்டனர். ஒரு பக்கம் தன்னைப் பற்றித் தானே கூறுவதைவிட, பிற பக்கங்கள் அதற்குத் தரும் இணைப்புகளே நம்பத்தக்க சான்று என்பது அவர்கள் கருத்து. அவ்விணைப்புகளுள்ளும், மதிப்புடைய பக்கம் தரும் இணைப்புக்கு மதிப்பு மிகுதி. பேஜ்ரேங்க் எனப் பெயரிடப்பட்ட இம்முறையைக் கொண்டே 1998இல் கூகுள் நிறுவனம் தோன்றியது. இன்று வரிசையை முடிவு செய்யும் கூறுகள் பல. எனினும், ஊரார் சொல்லும் நற்சான்று என்னும் அடிப்படை மாறவில்லை.

பொம்மைக் கடைக்காரரின் குறை இங்கே வெளிப்படுகிறது. அவர் தளத்தில் எழுத்துகள் அனைத்தும் படத்தின் உள்ளே இருந்தன. வண்ணப் பின்னணியில் வளைந்து நெளிந்த எழுத்துகள் கண்ணுக்கு அழகுதான். ஆனால், சொல்லடைவில் சேர்க்கத் தெளிவான சொற்கள் அப்பக்கத்தில் இல்லை. படங்களைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் தேடுபொறிகளுக்கு வளர்ந்து வருகிறது என்றாலும், எழுத்தாக உள்ளதே உறுதியானது. ஒவ்வொரு படத்திற்கும் 'மாற்று உரை' என ஒரு வரி எழுத இடம் உண்டு. 'படம் 1' என்று எழுதுவதால் பயனில்லை. 'சிவப்பும் மஞ்சளுமான மர நடைவண்டி' என்று எழுதினால் தேடுபொறிக்கும் உதவும். திரைபடிப்பானைப் பயன்படுத்தும் பார்வையற்றோருக்கும் உதவும். இரண்டாவது பயனுக்காகவேனும் இதனைச் செய்யத்தான் வேண்டும்.

எவர் சொல்லை எழுதுவது?

கடைக்காரர் தம் தொழிற்சொல்லை எழுதுகிறார்: 'அரக்குப் பூச்சுக் கடைசல் கைவினைப்பொருள்'. பிழையில்லாத தொடர். ஆனால், சேலத்திலோ புதுதில்லியிலோ இருக்கும் தாய் ஒருவர் இவ்வாறு தேடுவாரா? 'ஒரு வயதுக் குழந்தைக்கு என்ன பொம்மை வாங்கலாம்' என்று அவர் தேடுவார். 'வாயில் வைத்தால் சாயம் போகுமா' என்று ஐயுறுவார். தேடுபொறிக்கு ஏற்ப எழுதுவதில் பாதிக்கு மேற்பட்ட வேலை, இச்சொற்களைக் கேட்டறிவதே. மீதமுள்ளவை பெரும்பாலும் தச்சு வேலை போன்றவை. ஒருமுறை பழகினால் கைவந்துவிடும்.

தமிழில் எழுதும்போது இப்பணி மேலும் நுட்பமானது. குழந்தைகள் சமைத்து விளையாடும் சிறு பாத்திரங்களைச் செப்புச் சாமான் என்பது தமிழர் வழக்கு. செப்பு என்பதற்குச் சிமிழ், விளையாட்டுப் பாத்திரம், தாமிரம் எனப் பல பொருள் உண்டு. வெறுமனே 'செப்பு' என்று தேடினால் தாமிரக் குடங்களும் வந்து நிற்கும். எனவே, 'மரச் செப்புச் சாமான்' என்று விரித்தெழுதுவது தெளிவு தரும். பக்கத்தை எந்திர மொழிபெயர்ப்பில் ஆக்கி அப்படியே வெளியிட்டால், மரத்தால் செய்த பொம்மை தாமிரப் பொருளாகிவிடவும் கூடும்!

இனி, இலக்கண வகுப்பில் கற்ற புணர்ச்சியை நினைவுகூர்க. 'மரப்பொம்மை' என்று வல்லினம் மிக எழுதுவதே முறை. தேடுவோர் பலர் 'மர பொம்மை' என்று பிரித்து, ஒற்றில்லாமல் தட்டச்சு செய்கின்றனர். பொம்மையை, பொம்மைக்கு, பொம்மைகள் என வேற்றுமை உருபும் பன்மை விகுதியும் ஏறியபின் ஒரே சொல் பல வடிவம் கொள்கிறது. உரோமன் எழுத்துகளில் தமிழைத் தட்டச்சு செய்வோரும் உளர். தேடுபொறிகள் இவ்வேறுபாடுகளை ஓரளவு உணர்கின்றன. முழுதும் உணர்வதாகக் கூற இயலாது. அதற்காகப் பிழையாக எழுத வேண்டுமா? வேண்டா. சரியான வடிவத்தையே எழுதி, 'மரத்தால் ஆன பொம்மைகள்', 'மரத்தில் செய்த விளையாட்டுப் பொருள்' என இயல்பான தொடர்களையும் ஆங்காங்கே ஆண்டால் போதும்.

எழுத்துருவும் கவனிக்கத்தக்கது. ஒருங்குறி பரவும் முன்னர், தமிழ்த் தளங்கள் தத்தமக்கெனத் தனிக் குறியாக்க எழுத்துருக்களைப் பயன்படுத்தின. அவ்வெழுத்துரு உள்ள கணினியில் தமிழ் தெரியும். எந்திரத்திற்கோ அது பொருளற்ற உரோமன் எழுத்துக் குவியல். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. பழைய குறியாக்கத்தில் தேங்கிப்போன நல்ல கட்டுரைகளை ஒருங்குறிக்கு மாற்றினாலன்றித் தமிழ்ச் சொல்லால் தேடுவோர்க்கு அவை கிட்டா.

தச்சு வேலைகள்

ஒவ்வொரு பக்கத்திற்கும் தனித் தலைப்பு வேண்டும். கடைக்காரரின் தளத்தில் எல்லாப் பக்கங்களுக்கும் 'முகப்பு' என்பதே தலைப்பாக இருந்தது. 'ஒரு வயதுக் குழந்தைக்கான மர நடைவண்டி – சன்னப்பட்டணம்' என்று மாற்றியபின், தேடல் முடிவைக் காண்பவர் உள்ளே நுழையும் முன்பே பொருளை அறிகிறார். தலைப்பின்கீழ் இரண்டு வரிச் சுருக்கம் எழுதலாம். அது தரவரிசையை நேரே உயர்த்தாது; ஆயினும் சொடுக்கத் தூண்டும். கன்னடம், தமிழ், ஆங்கிலம் என மும்மொழியில் எழுதினால் ஒவ்வொன்றையும் தனி முகவரியில் வைத்தல் நன்று.

பெரும்பாலோர் கைப்பேசியிலேயே தேடுகின்றனர். பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 நொடிக்குள் திரையில் தோன்றுவது நல்லது என்பது கூகுள் கூறும் அளவு. கேமராவில் எடுத்த பெரிய படங்களை அப்படியே ஏற்றியதால் பொம்மைக் கடை தாமதித்தது. அளவைச் சுருக்கியதும் சரியாயிற்று.

ரோபாட்ஸ்.டிஎக்ஸ்டி என்னும் சிறு கோப்பு ஒன்று உண்டு. எந்தப் பகுதிக்குள் வரலாம், எங்கு வரலாகாது என்று நிரல்களுக்கு அறிவிக்கும் இம்மரபு 1994இல் தோன்றியது. தளம் கட்டப்படும் காலத்தில் 'எங்கும் வராதே' என எழுதி வைத்துவிட்டு, திறப்புவிழா முடிந்தும் அவ்வரியை நீக்க மறப்போர் உண்டு. வாயிலில் பூட்டைத் தொங்கவிட்டுப் பந்தலில் விருந்தினரை எதிர்பார்ப்பது போன்றது அது.

குறுக்குவழியின் விலை

வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகச் சொற்களை ஒளித்து வைத்தல், பயனற்ற பக்கங்களை ஆயிரக்கணக்கில் ஆக்குதல், பணம் கொடுத்து இணைப்பு வாங்குதல் ஆகியன ஒரு காலத்தில் பலன் தந்தன. பக்கத்தின் நிரலில் மறைவாக எழுதப்படும் குறிச்சொல் பட்டியலைத் தரவரிசைக்குக் கருதுவதில்லை என்று 2009இல் கூகுள் அறிவித்தது. தரமற்ற பக்கங்களைத் தாழ்த்தும் 'பாண்டா' மாற்றம் 2011இலும், செயற்கை இணைப்புகளை நோக்கிய 'பெங்குயின்' மாற்றம் 2012இலும் வந்தன. விரைவில் உயர்ந்த தளங்கள் பல, அதனினும் விரைவில் வீழ்ந்தன.

எனினும், 'ஒரே மாதத்தில் முதலிடம். உறுதி' என்று விளம்பரம் செய்வோர் இன்றும் குறையவில்லை. முதலிடத்தை எவரும் உறுதியளிக்க இயலாது என்று கூகுளின் வழிகாட்டிப் பக்கமே கூறுகிறது. செய்த திருத்தங்கள் பலன் தரப் பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்றும் அது குறிப்பிடுகிறது. பண்டிகைக்கால விற்பனையை நம்பியிருக்கும் சிறு கடைக்காரருக்கு ஓராண்டு நீண்ட காலம். அவரது பதற்றத்தைத்தான் அவ்விளம்பரங்கள் விலைக்கு வாங்குகின்றன.

தேவையான கருவிகளுள் முதன்மையானவை கட்டணமின்றியே கிடைக்கின்றன. தளத்தின் வேகத்தைப் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் அளந்து காட்டும். ஒரு சொல் எந்தப் பருவத்தில் மிகுதியாகத் தேடப்படுகிறது என்பதைக் கூகுள் டிரெண்ட்ஸ் காட்டும். பிங் தேடுபொறிக்கெனத் தனிக் கருவித்தளம் உண்டு. இவை எல்லாவற்றினும் பயன்மிக்கது கூகுள் சர்ச் கன்சோல். எந்தப் பக்கம் அடைவில் சேர்ந்தது, எது சேரவில்லை என்பதோடு, மக்கள் எந்தச் சொல்லைத் தேடியபோது தளம் தோன்றியது என்பதையும் அது பட்டியலிடும். கடையின் முகவரியும் திறக்கும் நேரமும் வரைபடத்தில் தோன்றக் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் பதிவு செய்யலாம். 2024 முதல், சில வினாக்களுக்குச் செயற்கை நுண்ணறிவு தொகுத்த விடையையே கூகுள் முதலில் காட்டுகிறது. விடையை அங்கேயே படித்துவிட்டுத் தளத்திற்கு வாராதோர் பெருகுவர் என்ற அச்சம் தள உரிமையாளரிடையே உள்ளது. அவ்வச்சத்தைப் புறந்தள்ள இயலாது.

பொம்மைக் கடைக்காரர் ஒருநாள் சர்ச் கன்சோல் பட்டியலைப் பார்க்கிறார் என்று கொள்வோம். 'நடைவண்டி விலை' எதிர்பார்த்ததே. அதன்கீழே, 'நடைவண்டி சக்கரம் மட்டும்' என்று சிலர் தேடியிருக்கின்றனர். தளம் இரண்டாம் பக்கத்தில் எங்கோ தோன்றியுள்ளது, எவரும் சொடுக்கவில்லை. மூத்த குழந்தை ஓட்டிய வண்டி இளைய குழந்தைக்கு வரும்போது சக்கரம் தேய்ந்திருக்கும். வண்டியை எறிய மனம் வராது. சக்கரத்தை மட்டும் தனியே விற்கலாம் என்று அதுவரை அவருக்குத் தோன்றியதில்லை. அன்று மாலையே ஒரு சக்கரத்தை மேசைமேல் வைத்துப் படமெடுத்து, அதன் விட்டத்தையும் அச்சுத்துளையின் அளவையும் குறித்துப் புதிய பக்கம் ஒன்றைத் தொடங்குகிறார்.

சொல்லும் பொருளும்

கடைசல் – மரத்தைச் சுழலவிட்டு உருவாக்கும் வேலை
சொல்லடைவு – சொற்கள் இடம்பெறும் பக்கங்களைக் காட்டும் பட்டியல்
ஒருங்குறி – உலக மொழிகள் அனைத்திற்குமான பொதுக் குறியாக்கம்
சிமிழ் – மூடியுள்ள சிறு பாத்திரம்

பயிற்சி

அ. குறுவினா
1. கடைக்காரரின் தளம் தேடலில் தோன்றாமைக்குரிய காரணங்கள் இரண்டனை எழுதுக.
2. பழைய எழுத்துருவில் அமைந்த தமிழ்ப் பக்கங்கள் தேடுவோர்க்குக் கிட்டாமை ஏன்?

ஆ. சிறுவினா
பேஜ்ரேங்க் முறையின் அடிப்படைக் கருத்தை ஒரு பத்தியில் விளக்குக.

இ. மொழியோடு விளையாடு
'மரம் + பெட்டி', 'பனை + ஓலை', 'விளையாட்டு + பொருள்' ஆகியவற்றைச் சேர்த்தெழுதுக. இவற்றைத் தேடுவோர் எவ்வெவ்வாறு தட்டச்சு செய்யக்கூடும் என்பதையும் எழுதுக.

ஈ. கற்பவை கற்றபின்
நீங்கள் வாழும் ஊரில் செய்யப்படும் கைவினைப்பொருள் ஒன்றைத் தெரிவு செய்க. அதனை வாங்க விரும்பும் தமிழர் தேடக்கூடிய தொடர்கள் ஐந்தை வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு எழுதுக. அவற்றுள் ஒன்றற்கு விடையாக அமையும் பக்கத்தின் தலைப்பையும் இருவரிச் சுருக்கத்தையும் எழுதுக.