ஒளியே காவலாக

நுழையும்முன்

உடை மானத்தைக் காத்தது. குளிரையும் வெயிலையும் தடுத்தது. மருத்துவமனையில் அது உயிரையும் காக்க வேண்டியுள்ளது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகளை ஒளியின் துணையால் அழிக்கும் துணிகளை அறிவியலாளர்கள் உருவாக்கி வருகின்றனர். அத்துணி செயல்படும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

வெயில் தந்த பாடம்

சுண்ணாம்புக்கல் நிறைந்த அரியலூர் மண்ணில் வெயிலுக்குக் குறைவில்லை. நோயுற்றவர் படுத்திருந்த பாயையும் போர்வையையும் வெயிலில் உலர்த்தி எடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் உண்டு. வெயிலின் வெப்பமும் அதிலுள்ள புறஊதாக் கதிர்களும் ஈரத்தைப் போக்கி, நுண்ணுயிரிகளைக் குறைக்கின்றன. நம் முன்னோர் பட்டறிவால் கண்ட இவ்வுண்மையை, துணியின் இழைக்குள்ளேயே அமைக்க முயல்கிறது இன்றைய அறிவியல்.

தடுப்பு மட்டும் போதுமா?

2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று பரவியபோது, மருத்துவர்களும் செவிலியர்களும் தூய்மைப் பணியாளர்களும் முழு உடற்கவசம் அணிந்து பணியாற்றினர். அக்கவசத் துணியின் தரத்தை ஆய்ந்து சான்றளித்த நிறுவனங்களுள் கோயம்புத்தூரிலுள்ள 'சிட்ரா' என்னும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம் குறிப்பிடத்தக்கது. குருதி போன்ற செயற்கை நீர்மத்தைத் துணியின்மீது செலுத்தி, அது ஊடுருவுகிறதா என அங்கு ஆய்ந்தனர்.

ஊடுருவலைத் தடுக்கும் துணி உள்ளிருப்பவரைக் காக்கிறது. எனினும், அதன் வெளிப்புறத்தில் படிந்த கிருமி உடனே இறந்துவிடுவதில்லை. பணி முடிந்து கவசத்தைக் கழற்றும்போது கை அதன்மீது படலாம். கழற்றிய உடையைத் திரட்டி அகற்றும் தூய்மைப் பணியாளருக்கும் அக்கிருமி தொற்றலாம். ஆகவே, கிருமியைத் தடுப்பதோடு அழிக்கவும் வல்ல துணி தேவைப்படுகிறது.

ஒளி செய்யும் பணி

சில வேதிப்பொருள்கள் ஒளியை ஈர்த்து, அதன் ஆற்றலை அருகிலுள்ள ஆக்சிஜனுக்கு அளிக்கின்றன. இவற்றை ஒளியுணர்வூட்டிகள் என்பர். நாம் ஆய்வகத்தில் காணும் மெத்திலீன் நீலம் அத்தகையதே. ஆற்றல் பெற்ற ஆக்சிஜன், வினைமிகு ஆக்சிஜனாக மாறுகிறது. அது நெடுநேரம் நிலைப்பதில்லை, நெடுந்தொலைவு செல்வதுமில்லை. ஆனால், துணியில் ஒட்டியிருக்கும் கிருமியின் சவ்வையும் புரதத்தையும் மரபுப்பொருளையும் அது சிதைத்துவிடுகிறது. ஒரே நேரத்தில் பல இடங்களில் தாக்குவதால், கிருமி இதற்கு எதிர்ப்பாற்றல் பெறுவது எளிதன்று. மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகிவரும் இக்காலத்தில் இப்பண்பு மிகவும் பயனுடையது.

> தெரிந்து தெளிவோம்
> ஒளியும் சாயமும் சேர்ந்து நுண்ணுயிரியைக் கொல்லும் என்பதைக் கண்டறிந்தவர் ஒரு மருத்துவ மாணவர். செருமனியின் மியூனிக் நகரில் பயின்ற ஆஸ்கார் ராப், அக்ரிடின் என்னும் சாயம் கலந்த நீரில் பரமீசியம் எவ்வளவு நேரம் உயிர்வாழ்கிறது என ஆய்ந்தார். வெளிச்சத்தின் அளவு மாறும்போது விடையும் மாறுவதைக் கூர்ந்து நோக்கினார். அவரது ஆய்வு 1900ஆம் ஆண்டில் வெளியானது.

மண்டியில் உருவான துணி

இமாச்சலப் பிரதேசத்தின் மண்டியிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அமித் ஜெய்ஸ்வால் தலைமையிலான குழுவினர் 2021ஆம் ஆண்டில் மற்றொரு வழியைக் காட்டினர். பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த துணியில் மாலிப்டினம் டைசல்பைடின் நானோ தகடுகளை அவர்கள் பதித்தனர். நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்காகும். அத்தகடுகளின் கூரிய விளிம்புகள் கிருமியின் சவ்வைக் கிழிக்கின்றன. வெயில் படும்போது அவை ஒளியை வெப்பமாக மாற்றி, எஞ்சிய கிருமிகளையும் அழிக்கின்றன. 60 முறை துவைத்த பின்னரும் இத்துணி பாக்டீரியாவை எதிர்க்கும் திறனை இழக்கவில்லை என அக்குழு தெரிவித்தது.

இருள் சூழ்ந்த இடத்தில் ஒளித்துணி என்ன செய்யும் என்னும் வினா எழுவது இயல்பே. அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டில் இதற்கு விடை கண்டனர். அவர்கள் உருவாக்கிய நுண்ணிழைப் படலம், பகலொளியில் பெற்ற கிருமிக்கொல்லித் திறனைச் சேமித்து வைத்து இருளிலும் வெளியிட்டது.

எல்லையும் பொறுப்பும்

இத்துணிகளுக்கும் எல்லைகள் உண்டு. குருதியோ அழுக்கோ மூடிய இடத்தை ஒளி எட்டாது. சில சாயங்கள் ஒளியாலேயே வெளிறிவிடும். துவைக்கும்போது நானோ துகள்கள் கழன்று நீரில் கலக்கின்றனவா, அத்துணி தோலுக்குத் தீங்கற்றதா என்பனவற்றையும் ஆராய வேண்டும். ஆய்வகத்தில் வென்ற துணி, நோயாளிகள் நிறைந்த மருத்துவமனையிலும் வென்றால்தான் முழுப்பயன் தரும். எத்துணி வந்தாலும் கைகழுவும் பழக்கத்தைக் கைவிடலாகாது.

அரியலூரில் 2022ஆம் ஆண்டு சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பெரம்பலூர்ப் பகுதியில் பருத்தி விளைகிறது. செயங்கொண்டம், உடையார்பாளையம் பகுதிகளில் தறிகள் ஒலிக்கின்றன. மருத்துவமும் நூலும் நெசவும் வெயிலும் ஒருங்கே அமைந்த நிலம் இது. இவற்றை இணைக்கும் வேதியியல் அறிவை நாம் வளர்த்துக்கொள்ள வேண்டும். பிறர் நோய் தீர்க்க உழைப்பவர் நோயுறாமல் வீடு திரும்ப, அவ்வறிவு துணைநிற்கும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊர் மருத்துவமனையில் பணியாற்றும் செவிலியர் அல்லது தூய்மைப் பணியாளரைச் சந்தித்து, பாதுகாப்பு உடை அணிவதில் அவர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகளைத் தொகுத்து எழுதுக.
2. 'கிருமியைத் தடுக்கும் துணி, கிருமியை அழிக்கும் துணி' ஆகியவற்றை ஒப்பிட்டு வகுப்பறையில் உரையாடுக.