நீர்மலையில் அஞ்சாமை

எம்பெருமான் அருகில் எழுந்தருளியிருக்கிறான் என்று நன்கு அறிந்த பின்பும் அடியவன் நெஞ்சில் அச்சம் எழுமோ? எழும் என்பதே பூர்வாசார்யர்களுடைய சரித்திரங்கள் காட்டும் விடை. அச்சம் எழுந்தபோது அவர்கள் எங்கே நின்றார்கள், எதைப் பற்றிக்கொண்டார்கள் என்பதே அன்பர்கள் ஊன்றி நோக்கத்தக்கது.

குரோம்பேட்டைக்கு மேற்கே, 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பகுதியாயுள்ள திருநீர்மலை, தோயாத்ரி என்று வடமொழியில் வழங்கும் திவ்யதேசம். அடிவாரத்தில் நீர்வண்ணன் நின்ற திருக்கோலம். மலைமேல் நரசிம்மன் வீற்றிருந்த திருக்கோலம். அரங்கநாதன் சயனத் திருக்கோலம். உலகளந்த பெருமான் நடந்த திருக்கோலம். இப்பெருமானை ஸேவிக்கத் திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றிலும் நீர் அரண்போல் சூழ்ந்து நின்றது என்றும், அது வடியும் வரையில் ஆறு மாத காலம் ஆழ்வார் காத்திருந்து ஸேவித்தார் என்றும் ஸ்தல வரலாறு கூறும்.

இந்த ஆறு மாதத்தைப் பலரும் ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கடந்துவிடுகின்றனர். சரித்திரத்தின் சாரமோ அங்கேதான் தங்கியிருக்கிறது. காத்திருந்தவர் யார்? சோழனுக்குப் படைத்தலைவராயிருந்தவர், ஆடல்மா என்னும் குதிரையேறி விரைந்தவர், மணக்கோலத்தில் வந்த எம்பெருமானையே வழிமறித்தவர். பொறுமைக்குப் பெயர் பெற்றவரல்லர். அத்தகையவர், கண்ணுக்கெதிரே மலை தோன்ற, காலுக்கெதிரே நீர் தடுக்க, ஒருநாளா இருநாளா, அரையாண்டு இருந்தார். வழிபட வேண்டிய திவ்யதேசங்கள் வேறு எத்தனையோ இருந்தும் அவர் திரும்பிப் போகவில்லை. பெருமான் அங்கே இருக்கிறான் என்பதில் ஐயம் இருந்திருந்தால் ஒரு வாரம்கூட அவரால் தங்கியிருக்க முடியாது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இரவெல்லாம் கதவைப் பார்த்தபடி அமர்ந்திருந்தவர்களுக்கு இவ்வகைக் காத்திருப்பு எத்துணைக் கடினம் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மலைமேல் வீற்றிருக்கும் நரசிம்மனைப் பால நரசிம்மன் என்பர். பிரகலாதனுக்காகத் தோன்றியவனை இங்கே குழந்தை வடிவில் ஸேவிப்பது நெஞ்சை நெகிழ்விப்பது. அந்தச் சிறுவன் யானைக் காலில் இடப்பட்டான். நாகங்களின் முன் விடப்பட்டான். தீயிலும் கடலிலும் எறியப்பட்டான். இவற்றுள் ஒன்றேனும் அவனுக்கு வராமல் தடுக்கப்பட்டதில்லை. தூண் பிளந்ததோ எல்லாவற்றுக்கும் கடைசியில். ஆயினும் தேவர்களும் பெரிய பிராட்டியாரும் அருகே செல்லத் தயங்கிய அந்த உக்கிர வடிவத்தின் முன் அச்சமின்றிச் சென்று வணங்கியவன் அவனே என்று ஸ்ரீமத் பாகவதம் பேசுகிறது. அத்தனை துன்பங்களிலும் உடனிருந்தவன் இவனே என்று அறிந்தவனுக்கு இவனிடத்தில் அஞ்ச என்ன இருக்கிறது?

பிரகலாதனோ அஞ்சாதவன், நடுங்கும் நெஞ்சுடைய நமக்கு யார் துணை என்று கேட்பார் உளர். அவர்கள் ஸ்வாமி தேசிகனை நோக்கலாம். 1323இல் டில்லிப் படை திருவரங்கத்தின்மேல் வந்தபோது, நம்பெருமாளைப் பிள்ளை லோகாசார்யர் முதலானோர் தெற்கே எழுந்தருளப்பண்ணினார்கள். முதிர்ந்த பிராயத்தில் அப்பயணத்தை மேற்கொண்ட லோகாசார்யர் ஜ்யோதிஷ்குடியில் திருநாடு அலங்கரித்தார். தேசிகனோ, சுதர்சன பட்டர் ஒப்படைத்த சுருதப்பிரகாசிகை ஓலைகளையும் அவருடைய இரண்டு குமாரர்களையும் காப்பதற்காக, பிணங்களின் நடுவே மறைந்து கிடந்து தப்பினார் என்று குருபரம்பரை கூறும். பின்பு ஸத்யமங்கலத்தில் இருந்தபோது அவர் அருளிச்செய்த நூலுக்கு அபீதிஸ்தவம் என்று பெயர். அபீதி என்றால் அச்சமின்மை. அச்சமின்மையைப் பெற்றுவிட்டேன் என்று பறைசாற்றும் நூல் அன்று அது; திருவரங்கத்தில் அடியார்கள் அஞ்சாது வாழ அருளவேண்டும் என்று அரங்கனிடமே மன்றாடும் நூல். இவ்வளவு பெரிய ஆசார்யர் தம் அச்சத்தை மறைக்கவில்லை. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று மட்டும் அறிந்திருந்தார். கோபணார்யர் முயற்சியால் நம்பெருமாள் திருவரங்கத்துக்கு மீண்டும் எழுந்தருளியது 1371இல். இடையே கழிந்தவை 48 ஆண்டுகள். ஆழ்வாரின் ஆறு மாதமும் இதன் முன் சிறிதே.

இப்பகுதி மக்களுக்கு நீர் சூழ்வது பழங்கதையன்று. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செண்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு கரைபுரண்டது, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருக்களில் படகுகள் சென்றன, மாடியில் நின்று விடியலை எதிர்நோக்கிய குடும்பங்கள் பல. பெருமாள் எங்கே இருந்தார் என்று அப்போது கேட்டவர்களைப் பக்தியற்றவர் என்று ஒதுக்குதல் தகாது. கேட்கும் இடம் அறிந்து கேட்டவர்கள் அவர்கள். அவ்வாறு கேட்டவர்களிலும் எத்தனையோ பேர் அந்த இருட்டில் அண்டை வீட்டு முதியவர்களைத் தோளில் தாங்கி மாடிக்கு ஏற்றினார்கள். தேசிகன் பிணங்களிடையே கிடந்தபோதும் இரண்டு பிள்ளைகளை விட்டுவிடவில்லை என்பதை இங்கே நினைவுகூரலாம்.

இன்றும் திருநீர்மலைக்கு வருவோர் முதலில் அடிவாரத்தில் நீர்வண்ணனை ஸேவித்துப் பின்னரே படியேறுகின்றனர். நாளை அறுவை சிகிச்சை என்பவரும், வழக்கில் தீர்ப்பை எதிர்நோக்குபவரும் அவர்களுள் இருப்பர். மேலே அரங்கநாதன் ஸந்நிதியில் தீர்த்தமும் துளஸியும் பெற்று வெளியே வந்து நின்றால், மழைக்காலத்தில் சுற்றிலும் ஏரிகளில் நீர் தேங்கி நிற்பதைக் காணலாம்.