வெள்ளிக்கிழமை மசோதா

கேள்வி: எதிர்க்கட்சி எம்.பி. கொண்டுவரும் மசோதாவால் யாருக்காவது பயன் உண்டா? கூச்சல் போடுவதற்கு மேல் அவர்களால் என்ன முடியும்?
– வாசகர், மைசூரு

பதில்: அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதா சட்டமாவது அபூர்வம்தான். சுதந்திரத்துக்குப் பிறகு அப்படித் தேறியவை 14. கடைசியாக நடந்தது 1970-இல். வெள்ளிக்கிழமை பிற்பகல், பாதி அவை ஊருக்குக் கிளம்பிவிட்ட நேரத்தில் விவாதிப்பார்கள். அமைச்சர் 'பார்க்கிறோம்' என்பார், உறுப்பினர் மசோதாவைத் திரும்பப் பெறுவார். சடங்கு முடிந்தது.

2015 ஏப்ரல் 24 அன்று தி.மு.க.வின் திருச்சி சிவா அந்தச் சடங்குக்கு உடன்படவில்லை. திருநர் உரிமை மசோதாவைத் திரும்பப் பெறும்படி அமைச்சர் தாவர்சந்த் கெலாட் கேட்டும் மறுத்துவிட்டார். மாநிலங்களவை அதை ஒருமனதாக நிறைவேற்றியது. வேலையிலும் கல்வியிலும் இடஒதுக்கீடு, தனி நீதிமன்றங்கள், மருத்துவ வசதி எல்லாம் அதில் இருந்தன. (அந்தக் கெலாட்தான் 2021-இல் உங்கள் மாநில ஆளுநரானார்.)

மக்களவையில் அது கரைசேரவில்லை. அரசு தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்து 2019-இல் சட்டமாக்கியது. அதில் இடஒதுக்கீடு இல்லை; மாவட்ட ஆட்சியரிடம் அடையாளச் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்த அரசு மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொன்ன சிவாவின் தீர்மானமும் தோற்றது.

ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை இல்லாவிட்டால், அரசு இவ்வளவு சீக்கிரம் பேனாவைத் திறந்திருக்காது என்பது என் கணிப்பு. விட்டுப்போன இடஒதுக்கீட்டை, அரசு வேலைகளில் 1 சதவீதமாக, 2021-இல் முதலில் கொடுத்த மாநிலம் உங்கள் கர்நாடகம்.