கணினித் திரையில் கணிதம்: மாணவர் மனக்குறையும் நன்னூல் காட்டும் வழியும்

முன்னுரை

எண்ணையும் எழுத்தையும் உயிர்க்குரிய இரு கண்களாகப் போற்றிய மரபு நம்முடையது. எழுத்தைக் கற்பிக்கும் துறையினராகிய நாம் எண்ணைப் பற்றி எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. ஆண்டுதோறும் நம் துறையில் சேரும் மாணவர்களிடம், "தமிழை ஏன் தேர்ந்தீர்கள்?" என்று வினவுவது நம் வழக்கம். தமிழ்ப் பற்றினால் வந்தோம் என்போர் பலர். "கணக்கு வராது ஐயா, அதனால் வந்தேன்" என்று தலைகுனிந்து சொல்வோரும் உளர். தமிழை விரும்பி வருதல் வேறு. கணக்குக்கு அஞ்சி வருதல் வேறு. இரண்டாம் வகையினரைக் கண்டு நாம் மகிழ்வதற்கில்லை.

அண்மைக் காலத்தில் இம்மாணவர் தம் அச்சத்திற்குப் புதியதொரு காரணத்தையும் சேர்த்துச் சொல்கின்றனர். பள்ளிப் பருவத்தில் கணினியிலும் கைபேசியிலும் கணிதம் கற்பித்த மென்பொருளே அக்காரணம். அவர்தம் மனக்குறை எத்தகையது, அது நியாயமானதா, அதற்கு நம் மரபு காட்டும் தீர்வு யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திரை வகுப்பறைக்கு வந்த வழி

தமிழகப் பள்ளிக்கல்வியில் திரையின் இடம் சில ஆண்டுகளிலேயே பெருகிற்று. கல்வித் தொலைக்காட்சி 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கப்பெற்றது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது கைபேசியே பல இல்லங்களில் வகுப்பறையாயிற்று. அவ்வாண்டு சூலையில் மைய அரசு வெளியிட்ட நெறிமுறைகள், எட்டாம் வகுப்பு வரையில் நாளொன்றுக்கு இரண்டு இணையவழி வகுப்புகளுக்கு மேல் கூடாதென்றும், ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடத்திற்குள் அமைய வேண்டுமென்றும் வரையறுத்தன. திரைக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதை அரசே உணர்ந்திருந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

பள்ளிகள் மீண்டும் திறந்த பின்னரும் திரை வகுப்பறையை விட்டு நீங்கவில்லை. 2023 சூலையில் தமிழக அரசு 'மணற்கேணி' என்னும் செயலியை வெளியிட்டது. மணலில் தோண்டத் தோண்ட நீர் சுரக்கும் கேணியைக் கல்விக்கு உவமையாக்கினார் வள்ளுவர். அப்பெயரிலேயே ஓர் உண்மை பொதிந்துள்ளது. தோண்டும் கை மாணவனுடையதாக இருத்தல் வேண்டும். பிறர் முகந்து ஊற்றும் நீர் கேணியின் ஊற்றாகாது.

மாணவர் கூறும் குறைகள்

வேடசந்தூர், ஆத்தூர், நிலக்கோட்டை, நத்தம் ஆகிய பகுதிகளிலிருந்து வரும் நம் மாணவர் சிலரிடம் இதுபற்றி விரிவாகக் கேட்டோம். அவர்கள் பயின்றது ஒரே மென்பொருள் அன்று. ஆயினும் குறைகள் பெரிதும் ஒத்திருந்தன. அவற்றை நான்காக வகுக்கலாம்.

முதலாவது மொழி. திரையில் வரும் சொற்கணக்குகளின் தமிழ் பிறமொழி வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததாக உள்ளது. எது கொடுக்கப்பட்டது, எது கேட்கப்பட்டது என்பதே விளங்குவதில்லை. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் தந்தையுடன் நின்று, எடையையும் விலையையும் தரகையும் மனக்கணக்காகவே போட்டுவிடும் மாணவன் ஒருவன், அதே கணக்கைத் திரையில் கண்டபோது திகைத்து நின்றதாகக் கூறினான். அவன் தோற்றது கணக்கில் அன்று, வாக்கியத்தில்.

இரண்டாவது விடையை உள்ளிடும் முறை. அரை என்பதைப் பின்னமாக எழுதினால் தவறு, தசமமாக எழுதினால் சரி. இடைவெளி ஒன்று கூடினாலும் தவறு. கணக்குத் தெரிந்தும் தட்டச்சுத் தெரியாமல் மதிப்பெண் இழந்தோர் உளர்.

மூன்றாவது கருவி. வீட்டிற்கு ஒரு கைபேசி. அதுவும் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றபின் இரவில்தான் கைக்கு வரும். பாதிக் கணக்கில் இணைப்பு அறுந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நான்காவது குறையே தலையாயது. அதனைப் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகளாகிய மாணவி சொன்ன முறையிலேயே தருகின்றோம்: "சாவி திரும்பாவிட்டால் என் தந்தை அதை வீசிவிட மாட்டார். பூட்டினுள் எந்த நெம்புகோல் தடுக்கிறது என்று பார்ப்பார். அந்த இடத்தை மட்டும் அரத்தால் அராவுவார். கணினியோ தவறு என்று சிவப்பில் காட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். நான் எங்கே தவறினேன் என்று அது கேட்டதே இல்லை."

பூட்டுக்குப் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல்லில் பிறந்தவள் இதனைவிடத் தெளிவாக எவ்வாறு சொல்லவியலும்?

பென்னி என்னும் சிறுவன்

இக்குறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவில் பிட்சுபர்க் பல்கலைக்கழகத்தில் 1960களில் ஒரு தனிப்பயிற்சிக் கணிதத் திட்டம் உருவாக்கப்பட்டது. மாணவன் தாள்களைத் தானே படித்து, கணக்குகளைச் செய்து, விடைத் திறவுகோலின்படி திருத்தப்பெற்றுத் தேறி, அடுத்த நிலைக்குச் செல்வான். இன்றைய மென்பொருளின் முன்னோடி எனத்தகும் முறை இது. இத்திட்டத்தில் பயின்ற 12 வயதுச் சிறுவன் ஒருவனை ஆராய்ந்து ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்பார் 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அச்சிறுவனுக்கு அவர் இட்ட பெயர் பென்னி.

பென்னி தேர்வுகளில் நன்கு தேறி முன்னேறியவன். ஆனால் 2/10 என்னும் பின்னத்தைத் தசமமாக எழுதச் சொன்னபோது 1.2 என்றான். இரண்டையும் பத்தையும் கூட்டினால் பன்னிரண்டு. நடுவே ஒரு புள்ளி. அவ்வளவே அவனது முறை. 4/11, 11/4 ஆகிய இரண்டிற்கும் 1.5 என்றே விடை தந்தான். கணிதம் என்பது திறவுகோலில் உள்ள விடையைத் தேடிப் பிடிக்கும் விளையாட்டு என்றே அவன் எண்ணியிருந்தான். தேர்ச்சிப் பட்டியல் அவன் தேறினான் என்றது; அவன் மனத்துள் நிகழ்ந்ததை யாரும் கேட்கவில்லை. எர்ல்வாங்கர் அருகமர்ந்து, "எப்படிச் செய்தாய்?" என்று கேட்டபின்னரே உண்மை வெளிப்பட்டது.

கணினி வந்தபின்னும் இந்நிலை முற்றும் மாறவில்லை. சிந்திக்காமல் குறிப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டே சென்று விடையைப் பெறும் மாணவரின் பழக்கத்தை கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ரயன் பேக்கர் முதலியோர் 2004இல் ஆராய்ந்து, அத்தகையோர் குறைவாகவே கற்கின்றனர் எனக் கண்டனர். நம் மாணவரும் இத்தந்திரத்தை நகைப்புடன் ஒப்புக்கொண்டனர். 2018 நவம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிப் பள்ளியொன்றில் மாணவர்கள், கணிதம் உள்ளிட்ட பாடங்களைத் திரைவழிக் கற்பித்த 'சம்மிட்' என்னும் மென்பொருளை எதிர்த்து வகுப்பைவிட்டு வெளியேறினர். கான்சாஸ் மாநிலத்திலும் மாணவரும் பெற்றோரும் அதனை எதிர்த்தனர். நெடுநேரம் திரைமுன் தனித்திருத்தலும் ஆசிரியருடன் பேசும் வாய்ப்புக் குறைதலுமே அவர்தம் முறையீடு. வேடசந்தூர் மாணவனும் புரூக்ளின் மாணவனும் ஒரே குறையைச் சொல்வது சிந்தனைக்குரியது.

மறுபக்கம்

எனினும் ஒருபுறமே சாய்தல் ஆய்வுக்கு அழகன்று. தில்லியில் 2015இல் 'மைண்ட்ஸ்பார்க்' என்னும் மென்பொருளை வைத்து நடந்த ஆய்வில் 619 மாணவர் பங்கேற்றனர். நாலரைத் திங்களில், அப்பயிற்சி பெற்றோர் பெறாதோரினும் கணிதத்திலும் இந்தியிலும் தெளிவாக முன்னேறினர் என 2019இல் வெளியான அவ்வாய்வு காட்டிற்று. ஆறாம் வகுப்பிலிருந்தும் கணிதத்தில் மூன்று நான்காம் வகுப்பு நிலையிலேயே நின்ற குழந்தைக்கு, அந்த நிலையிலிருந்தே கணக்குக் கொடுக்க மென்பொருளால் முடிந்தது. ஐம்பது பேர் கொண்ட வகுப்பில் ஓர் ஆசிரியருக்கு இது அரிது. ஆயின் அங்கே 45 நிமிடம் மென்பொருளுக்கு என்றால், மற்றொரு 45 நிமிடம் சிறு குழுவாக அமர்ந்து ஆசிரியரிடம் கற்பதற்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கருவி தனித்து நிற்கவில்லை என்பதை மறத்தலாகாது.

நன்னூல் காட்டும் கணக்கு

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், கற்றலையே ஒரு பின்னக் கணக்காகத் தருகின்றது. ஆசிரியர் சொல்லியதை முற்ற உணர்ந்தாலும் மாணவன் பெறுவது கால்பங்கே. உடன் பயில்வோருடன் கலந்து பழகுதலால் மற்றொரு கால்பங்கு வரும். தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய அரைப்பங்கும் நிறைவெய்தும்.

இவ்வளவுகோலால் மென்பொருளை அளந்து பார்ப்போம். மிகச் சிறந்த மென்பொருளும் முதற் கால்பங்கிற்கே துணைசெய்ய வல்லது. தனித்தனியே திரைமுன் அமரும் மாணவர்க்கு உடன்பயில்வோர் இல்லை. எடுத்துரைக்கக் கேட்போரும் இல்லை. முக்கால் பங்கு விடுபட்ட கல்வி மாணவர்க்கு நிறைவு தராமை இயல்பேயன்றோ?

நம் திண்ணைப் பள்ளிகள் இக்கணக்கை அறிந்திருந்தன. மணலில் எழுதி, எண்சுவடியை ஒருமித்து ஓதி, மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குச் சொல்லித்தரும் முறை அங்கிருந்தது. சென்னையில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், இந்நாட்டுச் சிறுவர் மணலில் எழுதக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் புகுத்தினார். மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையை 1797இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். அது 'மதராசு முறை' என்றே பெயர் பெற்றது.

மென்பொருளை இயக்கும் நெறிமுறைக்கு உலகம் வழங்கும் 'அல்காரிதம்' என்னும் சொல், ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது. அவர் தம் இயற்கணித நூலில் வாரிசுப் பங்கீடு, வாணிகம், நில அளவை ஆகிய வாழ்வியல் தேவைகளையே கணக்குகளாக அமைத்தார். மக்களின் வாழ்விலிருந்து எழுந்த கணிதம் அது. அவர் பெயரைத் தாங்கிய கருவி, மாணவன் அறியாத வாழ்க்கையை அவன் அறியாத வாக்கியத்தில் கேட்பது முரணாகும்.

செய்யத்தக்கன

மேற்கண்டவற்றால் சில கருத்துகளைப் பள்ளி நிருவாகத்தார்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் முன்வைக்கின்றோம்.

1. மென்பொருளை விலைகொடுத்து வாங்குமுன் சில நாள் மாணவரிடம் கொடுத்து, அவர் கருத்தைக் கேட்க வேண்டும்.
2. அதன் தமிழ் வாக்கியங்களைத் தமிழாசிரியரும் கணித ஆசிரியரும் ஒருங்கிருந்து திருத்த வேண்டும்.
3. திரைக்கு ஒதுக்கும் நேரத்திற்கு ஈடான நேரம் ஆசிரியருடன் கலந்துரையாட வேண்டும். அதில் முதற்கேள்வி, "எப்படிச் செய்தாய்?" என்பதாக அமைய வேண்டும்.
4. விடையைத் திரையில் இட்டாலும், வழிமுறையைக் குறிப்பேட்டில் எழுதும் பழக்கம் தொடர வேண்டும்.
5. இருவர் மூவராகச் சேர்ந்து ஒரு திரையில் பயின்று, ஒருவர் மற்றவர்க்கு விளக்க வேண்டும். கைபேசி இல்லாத மாணவன் தனித்து விடப்படும் குறையும் இதனால் ஓரளவு தீரும்.

முடிவுரை

மாணவரின் மனக்குறையைச் சோம்பல் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அவர்கள் கருவியை வெறுக்கவில்லை. கேட்பாரற்ற தனிமையையே வெறுக்கின்றனர். பூட்டுத் தொழிலாளியின் மகள் பள்ளியில் எதிர்பார்த்தது புதிய சாவியை அன்று. எந்த இடத்தில் அராவ வேண்டும் என்று காட்டும் ஒரு கையை. அக்கை அன்று கிட்டியிருப்பின் அவள் கணிதமும் பயின்றிருப்பாள். தமிழையும் விரும்பியே கற்றிருப்பாள். அவளுடைய தம்பி இப்போது எட்டாம் வகுப்பில் பயில்கின்றான். நாள்தோறும் மாலையில் அவனுக்குக் கணக்குச் சொல்லித்தருவதாகவும், சொல்லித்தரும்போதுதான் தனக்கே பின்னம் விளங்கத் தொடங்கியுள்ளதாகவும் அண்மையில் நம்மிடம் கூறினாள். நன்னூலார் சொன்ன அரைப்பங்கு அவ்வில்லத்தில் நிறைவெய்தத் தொடங்கிவிட்டது. நம் பள்ளிகளிலும் அது நிறைவெய்துமாக.