பொய்ப்பல்லைப் பிடித்து வைக்கும் காந்தம்

மாணவர்களே, இந்தப் பாடத்தைத் தொடங்கும் முன் அடுப்படிக்குப் போய் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை எடுத்து, வீட்டிலுள்ள எவர்சில்வர் பொருள்கள் ஒவ்வொன்றின் மீதும் வைத்துப் பாருங்கள். கரண்டி, கத்தி, தட்டு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாவற்றிலும். சிலவற்றில் பச்சென்று ஒட்டும். சிலவற்றில் வழுக்கி விழும். எல்லாமே துருப்பிடிக்காத எஃகுதான், பார்வைக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

இந்தக் கேள்விக்கான விடையில்தான் காந்தப் பொய்ப்பல்லின் இரகசியமும் இருக்கிறது. பற்கள் முழுதும் விழுந்துவிட்ட ஒருவருக்கு மேல்தாடைப் பொய்ப்பல் ஓரளவு எளிதாக நிற்கும். அது அண்ணம் முழுவதையும் மூடுவதால் உமிழ்நீரின் ஒட்டுவிசை அதைப் பிடித்துக்கொள்ளும். கீழ்த்தாடைப் பொய்ப்பல் அப்படியல்ல. அது குதிரை லாடம் போன்றது. நாக்கு தள்ளும், கன்னத்தசை இழுக்கும். தாத்தாவோ பாட்டியோ பொய்ப்பல்லைக் கழற்றி வைத்துவிட்டுக் கஞ்சி குடிப்பதைப் பார்த்திருந்தால், இது எவ்வளவு பெரிய தொல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

தாடையில் இரண்டொரு பல் வேர்களாவது உறுதியாக எஞ்சியிருந்தால் ஒரு வழி உண்டு. பல் மருத்துவர் வேரைப் பிடுங்காமல், வேர்க் குழாய்க்குச் சிகிச்சை செய்து, பல்லை ஈறு மட்டத்துக்கு வெட்டி, அதன் மீது உலோக மூடி ஒன்றைப் பொருத்துகிறார். அந்த மூடியின் மேற்பரப்பில் காந்தத்தால் ஈர்க்கப்படும் ஒரு சிறு தட்டு இருக்கும். இதைக் 'கீப்பர்' என்பார்கள். பொய்ப்பல்லின் அடியில், அதற்கு நேராக, சட்டைப் பொத்தானைவிடச் சிறிய காந்தம் பதிந்திருக்கும். பொய்ப்பல்லை வைத்ததும் இரண்டும் கவ்விக்கொள்ளும்.

கொக்கியோ அழுத்துப் பொத்தானோ வைத்தால் போதாதா என்று கேட்கலாம். அவையும் பயன்பாட்டில் உள்ளன. ஆனால் மெல்லும்போது பொய்ப்பல் பக்கவாட்டில் ஆடினால், கொக்கி அந்த அசைவை அப்படியே வேருக்குக் கடத்தும். நட்ட கம்பத்தை அசைத்து அசைத்துப் பிடுங்குவதுபோல வேர் தளர்ந்துவிடும். காந்தமோ நேராக இழுத்தால் இறுக்கமாகப் பிடிக்கும். பக்கவாட்டில் தள்ளினால் சறுக்கி விட்டுக்கொடுக்கும். பலவீனமான வேருக்கு இந்த விட்டுக்கொடுத்தல்தான் பாதுகாப்பு.

வாய்க்குள் காந்தம் வைக்கும் எண்ணம் புதிதல்ல. 1960-இலேயே ஸ்டான்லி பெர்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், தாடைக்குள் காந்தங்களைப் பதிப்பது பற்றி எழுதியிருக்கிறார். அக்காலக் காந்தங்கள் போதிய வலுவுக்குப் பெரிதாக இருக்க வேண்டியிருந்தது. 1960களில் சமாரியம்-கோபால்ட் காந்தமும், 1980களின் தொடக்கத்தில் நியோடிமியம்-இரும்பு-போரான் காந்தமும் வந்த பிறகே நிலைமை மாறியது. இரண்டாவதை ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியே உருவாக்கினர்.

விசை எவ்வளவு என்று ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். காந்தமும் தட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் காந்தப் பாய அடர்த்தி 1 டெஸ்லா என்றால், ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் ஏறக்குறைய 0.4 நியூட்டன் ஈர்ப்பு விசை கிடைக்கும். 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு 12.6 சதுர மில்லிமீட்டர். ஆகவே விசை சுமார் 5 நியூட்டன். அதாவது அரை கிலோ பொருளைத் தூக்கும் அளவு. ஒரு பட்டாணியின் அகலமே உள்ள இடத்துக்கு இது பெரிய விசை.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. விசை, பாய அடர்த்தியின் இருமடிக்கு ஏற்ப மாறும். பாய அடர்த்தி பாதியானால் விசை கால் பங்காகிவிடும். பாய அடர்த்தியைக் குறைக்க என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் வேண்டாம், சிறு இடைவெளி போதும். காந்தத்துக்கும் கரண்டிக்கும் நடுவே ஒரு தாள், இரண்டு தாள், மூன்று தாள் என்று வைத்து இழுத்துப் பாருங்கள். சாதாரண அச்சுத்தாளின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான். பிடி எவ்வளவு விரைவாகத் தளர்கிறது என்பதைக் கையே சொல்லிவிடும். ஆகவே கீப்பரின் மேற்பரப்பு கண்ணாடிபோலத் தட்டையாக இருக்க வேண்டும்.

இனி உலோகத்துக்கு வருவோம். கீப்பருக்குத் தேவை மென்காந்தப் பொருள். காந்தம் அருகில் வந்தால் ஈர்க்கப்பட வேண்டும்; விலகினால் தன் காந்தத்தன்மையை ஏறக்குறைய முழுதும் இழந்துவிட வேண்டும். தூய இரும்பு இதற்கு மிகப் பொருத்தம். ஆனால் உப்பும் ஈரமும் அமிலமும் மாறி மாறி வரும் வாய்க்குள் அது துருப்பிடித்துவிடும். குரோமியம் சேர்த்தால் மேலே மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகித் துருவைத் தடுக்கும். இப்போது அடுப்படிக்குத் திரும்பலாம். தட்டின் அடியில் '18/8' என்று பொறித்திருக்கிறதா? அது 18 விழுக்காடு குரோமியம், 8 விழுக்காடு நிக்கல். இரும்பை காந்தம் ஈர்க்கும், நிக்கலையும் ஈர்க்கும். ஆனால் இவை குரோமியத்தோடு சேர்ந்த இந்தக் கலவையைக் காந்தம் ஈர்ப்பதில்லை!

காரணம் அணுக்களின் அடுக்கு. சாதாரண இரும்பில் அணுக்கள் கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் நட்டநடுவிலும் அமர்ந்திருக்கும். போதிய நிக்கல் சேர்ந்தால், அவை மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலுமாக இடம் மாறும். இந்த அடுக்கில் இந்த எஃகு தன் வலுவான காந்த ஈர்ப்பை இழந்துவிடுகிறது. (தொட்டியின் வளைந்த மூலையில் மட்டும் காந்தம் லேசாக ஒட்டினால் வியக்க வேண்டாம். தகட்டை அழுத்தி வளைத்தபோது அங்கே அடுக்கு கொஞ்சம் மாறியிருக்கும்.) எனவே கீப்பர் செய்ய நிக்கலைத் தவிர்த்து, சுமார் 18 அல்லது 19 விழுக்காடு குரோமியமும் 2 விழுக்காடு மாலிப்டினமும் உள்ள எஃகைப் பயன்படுத்துகிறார்கள். குரோமியம் கூடக்கூடத் துரு குறையும், கூடவே ஈர்ப்பும் குறையும். எவ்வளவு போதும் என்பதில்தான் பேரமே.

அடுத்து வார்ப்பு. ஒவ்வொருவரின் வேரும் வெவ்வேறு வடிவம். ஆகவே மூடியைக் கடையில் வாங்க முடியாது, அளவெடுத்து வார்க்க வேண்டும். முதலில் மெழுகில் வடிவம் செய்து, அதைச் சுற்றி வெப்பம் தாங்கும் மாவுக் கலவையை ஊற்றி இறுகவிடுவார்கள். பிறகு உலையில் வைத்தால் மெழுகு உருகி எரிந்து வெளியேறும். மிஞ்சிய பள்ளத்துக்குள் உருகிய உலோகத்தைச் சுழல்விசையால் செலுத்துவார்கள். கோயில் உற்சவச் சிலைகளை வார்ப்பதும் அடிப்படையில் இதே மெழுகு முறைதான். பல் மருத்துவத்தில் இதை 1907-இல் பரவலாக அறிமுகப்படுத்தியவர் அமெரிக்காவின் வில்லியம் டகர்ட். தங்கக் கலவை குளிரும்போது ஏறக்குறைய 1.4 விழுக்காடு சுருங்கும். அச்சு மாவு அதே அளவு விரியும்படி தயாரிக்கப்படுவதால்தான் மூடி வேரில் சரியாக உட்காருகிறது.

அப்படியானால் காந்தத்தையே வார்த்துவிடலாமே? முடியாது. நியோடிமியம் காந்தம் சுமார் 310 பாகை செல்சியசில் காந்தத்தன்மையை முழுதும் இழக்கும்; சாதாரண வகைகள் 80 பாகையைத் தாண்டினாலே பலவீனமடையத் தொடங்கும். உருகிய பல் உலோகமோ 1000 பாகையை ஒட்டி இருக்கும். அக்ரிலிக் பொய்ப்பல்லை வேகவைக்கும் கொதிநீர்கூட ஆபத்துதான். எனவே பொய்ப்பல் முழுதும் தயாரான பிறகு, தானே இறுகும் பிசின் கொண்டு காந்தத்தைக் கடைசியில் பதிக்கிறார்கள். வீட்டில் யாருக்காவது இத்தகைய பொய்ப்பல் இருந்தால், கொதிநீரில் போட்டுக் கழுவ வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

காந்தத்தை வார்க்க முடியாவிட்டாலும், கீப்பரை வார்க்கலாம். 1981-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பல்லேடியம்-கோபால்ட் வார்ப்புக் கலவைகளைப் பற்றி எழுதினார்கள். பல்லேடியத்தைக் காந்தம் ஈர்ப்பது தெரியவே தெரியாது. அதில் கோபால்ட் கலந்தால் முழுக் கலவையும் ஈர்க்கப்படுகிறது. இதன் அணுக்களும் முகங்களின் நடுவில்தான் அமர்ந்திருக்கின்றன. ஆகவே அடுக்கு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை, எந்த அணு யாருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். இந்த முறையில் மூடியும் கீப்பரும் ஒரே வார்ப்பு. ஆனால் வார்த்த பரப்பு கரடுமுரடாக வரும். கையால் மெருகேற்றும்போது விளிம்பு உருண்டுவிடும். தாள் சோதனை நினைவிருக்கிறதா?

இன்னொரு முறையில், ஆலையில் தட்டையாகச் செய்த எஃகுக் கீப்பரை மெழுகிலேயே பதித்து, அதைச் சுற்றித் தங்கம்-வெள்ளி-பல்லேடியம் கலவையை வார்ப்பார்கள். வேலை நேர்த்தியாகத் தோன்றும். ஆனால் உலையின் வெப்பத்தில் எஃகின் மேல் ஆக்சைடு ஏறும். அதைத் தேய்த்து நீக்க வேண்டும். இரண்டு உலோகங்கள் உமிழ்நீரில் நனைந்தபடி இணைந்திருப்பதால், மின்கலம்போல மின்வேதி அரிப்பும் இணைப்பில் தொடங்கக்கூடும். வெறும் மூடியை முதலில் வார்த்து, கீப்பரைப் பிறகு பசையால் ஒட்டுவதே சிறந்தது என்பது என் கருத்து. கீப்பர் உலைக்குள் போவதே இல்லை.

அதில் வேறொரு வசதியும் உண்டு. காந்தம் பதித்த பொய்ப்பல்லை எம்.ஆர்.ஐ. அறைக்குள் நுழையும் முன் கழற்றிவிடலாம். கீப்பர் வாயிலேயே இருக்கும். அது அருகிலுள்ள பகுதியின் படத்தைக் கோணலாக்கி, கரும்புள்ளியாக மறைத்துவிடும். நாக்கையோ தாடையையோ படமெடுக்க வேண்டிய நோயாளிக்கு இது பெரிய சிக்கல். ஒட்டிய கீப்பர் என்றால் பல் மருத்துவர் அதை எடுத்துவிட்டு, படமெடுத்த பிறகு புதிதாக ஒன்றை ஒட்டித் தருவார். வார்ப்போடு சேர்ந்த கீப்பர் என்றால் மூடியையே வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.