பந்திக்கு முன் ஒரு சிக்னல்

நம் சங்கத்தில் பொங்கல், சித்திரைத் திருநாள், ஆண்டு விழா என்று எது வந்தாலும் இலை போட்டுச் சாப்பாடு உண்டு. ஊரை விட்டு வெகுதொலைவில் வாழும் நமக்கு அந்தப் பந்தியில் உட்கார்ந்தால் சொந்த ஊருக்குப் போய் வந்தது போல் இருக்கும். அதில் பள்ளிக் குழந்தையும் உட்காருகிறது, எண்பது வயதுப் பெரியவரும் உட்காருகிறார். வீட்டில் ஒரு பாத்திரம் கெட்டால் நான்கு பேருக்கு வயிறு கெடும். இங்கே ஓர் அண்டா கெட்டால் நானூறு பேருக்கு. ஆகவே உணவால் வரும் நோயைத் தடுக்கும் ஏற்பாடுகளில் ஓட்டை எங்கே விழுகிறது என்று சற்று விளக்கமாக எழுத முற்படுகிறேன். நான் மருத்துவன் அல்லன். ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆயினும் விபத்தைத் தடுக்கும் தத்துவம் இரண்டுக்கும் பொது என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

மூக்கும் நாக்கும் போதுமா?

"மோந்து பார்த்தால் தெரியாதா?" என்பார்கள். ஊசிப்போன சாம்பார் தெரியும், உண்மைதான். ஆனால் உணவை ஊசவைக்கும் கிருமி வேறு, நோய் தரும் கிருமி வேறு. இரண்டாவது வகை பெரும்பாலும் மணத்தையோ ருசியையோ மாற்றுவதில்லை.

வடித்த சாதத்தை எடுத்துக்கொள்வோம். பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துக்கள் அரிசியிலேயே இருக்கக்கூடும். கொதிக்கும் உலையிலும் அவை தப்பிவிடும். சாதம் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். மறுபடி சூடாக்கினால் கிருமி சாகலாம். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு அழிவதில்லை. சமைப்பவரின் மூக்கிலும் விரல் புண்ணிலும் குடியிருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியின் நஞ்சும் இத்தகையதே. "இன்னொரு கொதி விட்டால் சரியாகிவிடும்" என்ற நம்பிக்கை இங்கே பலிக்காது.

இன்டர்லாக்கிங் தரும் பாடம்

ஸ்டேஷனில் பாயிண்ட் சரியாகப் பொருந்திப் பூட்டிக்கொள்ளாவிட்டால், வண்டிக்குச் சிக்னல் கொடுக்க முடியாது. லீவரை எவ்வளவு இழுத்தாலும் வராது. இதற்கு இன்டர்லாக்கிங் என்று பெயர். முந்தைய படி சரியானால்தான் அடுத்த படி. பெரிய அதிகாரியே வந்து சொன்னாலும் பூட்டு இளகாது.

உணவுத் துறையிலும் இதே சிந்தனை பிறந்தது. 1960-களில் அமெரிக்க விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரிக்க நாசாவும் பில்ஸ்பரி நிறுவனமும் முனைந்தன. முடிந்த உணவைச் சோதித்துத்தான் உறுதி செய்வது என்றால், தயாரித்ததில் பெரும்பகுதி சோதனைக்கே போய்விடும் என்று கண்டார்கள். ஆகவே ஆபத்து எந்தெந்தப் படியில் நுழையும் என்று கணக்கிட்டு, அங்கங்கே காவல் வைத்தார்கள். இன்று உலகெங்கும் ஹாசெப் என்று வழங்கும் முறை அதுவே.

சட்டம் இருந்தும் ஓட்டை

நம் நாட்டில் 1954-இல் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. ஆய்வாளர் மாதிரி எடுப்பார், ஆய்வகத்துக்கு அனுப்புவார், பிறகு வழக்கு. முடிவு வருவதற்குள் உணவு வயிற்றுக்குள் போயிருக்கும். 1998 ஆகஸ்டில் டில்லியில் பிரமத்தண்டு விதை எண்ணெய் கலந்த கடுகெண்ணெயால் கால் வீங்கி மூச்சுத் திணறும் நோய் பரவி, 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மக்கள் நோயுற்ற பிறகே கலப்படம் வெளிப்பட்டது.

2006-இல் புதிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2011-இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் 2017-இல் வெளியான மத்திய தணிக்கை அறிக்கை, மாதிரிகளைச் சோதித்த 72 மாநில ஆய்வகங்களில் 65-க்குத் தேசியத் தரச் சான்று இல்லை என்று சுட்டிக்காட்டியது.

2013 ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். உணவில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து இருந்தது. எண்ணெய் சரியில்லை என்று சமையல்காரப் பெண்மணி சொன்னதாகவும், அது பொருட்படுத்தப்படவில்லை என்றும் செய்தி வந்தது. அபாயம் அவர் கண்ணில் பட்டுவிட்டது. ஆனால் அடுப்பை அணைக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. என் கருத்தில், நம் ஏற்பாடுகளின் மிகப் பெரிய ஓட்டை இதுதான்.

நம் பந்திக்குச் சில விதிகள்

1. சமையல் காண்டிராக்டரிடம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தந்த 14 இலக்க எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அத்தோடு நின்றுவிட வேண்டாம். அன்றைய அண்டாவுக்கு அந்த எண் காவல் நிற்காது.

2. பேதி, வாந்தி, விரலில் புண் உள்ளவர் சமைக்கவோ பரிமாறவோ கூடாது. கை கழுவ சோப்பும் குழாய்த் தண்ணீரும் சமையல் கொட்டகைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

3. கிருமி பெருகும் எல்லை ஏறத்தாழ 5 முதல் 60 டிகிரி செல்சியஸ். சாம்பாரும் கூட்டும் 60-க்கு மேல் இருக்கட்டும். உணவில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்குவது சங்கத்துக்குப் பெரிய செலவல்ல.

4. மூன்று பந்திக்கும் சேர்த்து விடியற்காலையிலேயே சாதம் வடிக்க வேண்டாம். பந்திக்குப் பந்தி வடியுங்கள். இறக்கிய நேரத்தைச் சாக்பீஸால் பாத்திரத்தில் எழுதுங்கள். சூடு காக்க வழியில்லை என்றால் இரண்டு மணி நேரமே கணக்கு.

5. மிஞ்சியதை மாலை நான்கு மணிக்குப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொடுக்கும் வழக்கத்தை, தேங்காய்ச் சட்னி, வெறும் சாதம், பாயசம் மூன்றிலுமாவது நிறுத்துவோம்.

6. குழுவில் ஒருவரை உணவுப் பொறுப்பாளராக நியமியுங்கள். அவர் "இந்த அண்டா வேண்டாம்" என்றால் தலைவரும் மறுக்கக் கூடாது. இதுவே நம் இன்டர்லாக்கிங்.

ரயில் பயணத்துக்குப் புளியோதரை கட்டிய பாட்டிமார்களும், பாலை நிறைய விட்டுச் சிறிது தயிர் கலந்து சாதம் பிசைந்த அம்மாக்களும் இந்தக் காவலை அனுபவத்தில் அறிந்தவர்கள். புளிப்பு பல கிருமிகளின் வளர்ச்சியை அடக்கும். ஆனால் அந்தப் பாதுகாப்பு புளிப்பில்லாத பண்டங்களுக்குப் பொருந்தாது.

"இத்தனை வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே" என்று சில நண்பர்கள் கேட்கலாம். ஆளில்லா லெவல் கிராசிங்கிலும் பல்லாயிரம் வண்டிகள் ஒன்றும் ஆகாமல்தான் கடந்தன. அதற்காக ரயில்வே அவற்றை அப்படியே விட்டுவிடவில்லை. அகலப் பாதையில் இருந்தவற்றை 2019 தொடக்கத்துக்குள் அகற்றியது. அடுத்த விழாவுக்கான குழுக் கூட்டத்தில், சமையல் பட்டியலைப் பேசும் முன் ஆறாவது விதியை முடிவு செய்யுமாறு உறுப்பினர்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.